கடைப்பந்தியில் உண்பவளின் எலும்பு

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில், குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமாக விளங்கும் கீரனூரிலும் அதைச் சூழ்ந்த மானாவாரிக் கிராமங்களிலும், விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமந்து, ஆடு மாடுகளைக் கவனித்து, கடலைக் காட்டில் பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்து, இரவில் எல்லோரும் உண்ட பின் எஞ்சியதை உண்டு படுக்கும் ஸ்திரீகள், ஐம்பது பிராயம் கடந்ததும் முதுகு வளைந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதை, முதுமையின் இயல்பென்றே கருதிப் பழகிவிட்டோம். அவ்வளைவில் வயதுக்கு ஒரு பங்கு உண்டு என்பது மெய்யே; ஆயினும், பல்லாண்டுகளாகத் தொடர்ந்த ஆகாரக் குறைவுக்கும் கவனக் குறைவுக்கும் அதில் உள்ள பங்கு தடுக்கத் தக்கது. தடுக்கத் தக்க துன்பத்தை விதியென்று சொல்லி ஒரு தாயைச் சுமக்கவிடுவது நியாயமன்று.

எலும்பு உயிரற்ற கல்லன்று. அது நாள்தோறும் ஒருபுறம் கரைந்து மறுபுறம் புதிதாகக் கட்டப்படும் உயிருள்ள தாது. பால்யத்திலும் யௌவனத்திலும் கரைவதைவிடக் கட்டப்படுவது மிகுதி. ஏறக்குறைய முப்பது வயதோடு அந்த வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பாத கண்மாய் சித்திரையில் நீர் தராததுபோல, சிறுமியாகவும் குமரியாகவும் இருந்தபோது சேராத எலும்பின் உரம் பிற்காலத்தில் உதவ வராது. மாதவிடாய் நிற்கும்போது, எலும்பைக் காத்து வந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குன்றுகிறது. அதன் பின் வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்குவரை குறைந்துவிடக் கூடும். இந்தத் தேய்வு வலியின்றி நிகழ்வதுதான் இதன் பெரிய அபாயம். கால் இடறி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பின்னரே, அல்லது ஒரு குடத்தைத் தூக்கியபோது முதுகெலும்பு நொறுங்கிய பின்னரே, பலர் இதனை அறிகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், மாதவிடாய் நின்ற, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 150 பெண்களைப் பரிசோதித்து 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை என்னும் இத்தேய்வு நோய் இருக்கக் கண்டார்கள்.

இதற்குரிய முதற் பரிகாரம் ஆகாரம். வயது வந்த பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியமும், பாலூட்டும் தாய்க்கு 1200 மில்லிகிராமும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்துள்ளது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராமும், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராமும், நூறு கிராம் முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேலும் கால்சியம் உண்டு. எள்ளில் அது இன்னும் அதிகம். காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும், மதியம் கீரையும் பருப்பும், இடையே ஓர் எள்ளுருண்டை, இயன்றபோது முட்டையோ முள்ளோடு உண்ணத்தக்க நெத்திலிக் கருவாடோ என்று கிரமமாக அமைத்துக்கொண்டால், விலையுயர்ந்த சத்து மாவு டப்பாக்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கேழ்வரகை முளைகட்டியோ புளிக்க வைத்தோ உண்பது, அதிலுள்ள சத்து உடலில் சேர்வதற்குத் துணை செய்யும். உண்ட கால்சியம் உடலில் ஏறுவதற்கு வைட்டமின் டி அவசியம். அது தோலின்மேல் படும் வெயிலால் உண்டாவது. வீட்டுக்குள்ளும் தையற்கூடங்களிலும் கடைகளிலும் நாள் முழுதும் வேலை செய்வோர் வெயில் மிகுந்த நாட்டிலும் இச்சத்துக் குறைவுக்கு ஆளாகிறார்கள்.

இரண்டாவது பரிகாரம் தேகாப்பியாசம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது, உலகம் வியந்து நோக்கிய நிகழ்ச்சி. கேலிப் பேச்சுக்கு அஞ்சாமல் அவர்கள் பெற்ற அந்தச் சுதந்திரம் இன்றும் போற்றத் தக்கது. சைக்கிள் இருதயத்துக்கும் தொடைத் தசைகளுக்கும் நன்மை தருவதும் உண்மை. ஆனால் சைக்கிளில் நம் பாரத்தை இருக்கை தாங்குவதால், எலும்புக்கு வேண்டிய அழுத்தம் போதிய அளவு கிடைப்பதில்லை. ஆதலால் விரைந்து நடத்தல், படியேறுதல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பலமுறை எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், ஒற்றைக் காலில் நின்று பழகுதல் ஆகியவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ‘நாங்கள்தான் நாள் முழுதும் உழைக்கிறோமே’ என்று கேட்கும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: உழைப்பு எலும்பைக் கட்டுவதற்கு, அதற்கு ஈடான ஆகாரம் வயிற்றில் இருக்க வேண்டும். எலும்பு ஏற்கெனவே தேய்ந்தவர்கள், முன்புறம் குனிந்து பாரம் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

ஆகாரம் நம் சமையலறைக்கு மட்டும் உரிய விஷயமன்று. அது சட்டம் அளித்த உரிமையுமாகும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கர்ப்பிணிகளும், பிரசவித்து ஆறு மாதம் வரை தாய்மார்களும் அங்கன்வாடி வாயிலாகச் சத்துணவை இலவசமாகப் பெறும் உரிமை உடையவர்கள். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம், தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவுகிறது. கர்ப்பத்தின் பதினான்காவது வாரம் முதல் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை, நாளைக்கு இரண்டு கால்சியம் மாத்திரைகள் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி. அவற்றை உணவோடு உட்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் இவற்றைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் இளவயதில் அகற்றிவிட்டால், எலும்புத் தேய்வு பல ஆண்டுகள் முந்தித் தொடங்கிவிடும். ஆகவே அறுவைச் சிகிச்சைக்கு இசையுமுன், அது எதற்காக, சினைப்பையை விட்டுவைக்க இயலுமா, வேறு சிகிச்சை உண்டா என்று கேளுங்கள். பரிசோதனைக்கு மட்டும் தந்த சம்மதத்தைக் கொண்டு, உயிராபத்து இல்லாதபோது, கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுப்பது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மூட்டு வலிக்கென்று பெயரொட்டாத பொட்டலத்தில் விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். அம்மருந்தை நெடுங்காலம் உட்கொண்டால் எலும்பு அரிக்கப்படும். இடுப்பு முறிந்த மூதாட்டியை எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பல வாரம் படுக்கையில் கிடத்துவது, படுக்கைப் புண்ணையும் நுரையீரல் சளியையும் வருவித்து, உயிருக்கே தீங்காகும்.

அத்தகைய முறிவு நேர்ந்தால், 108ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இயன்றவரை இரண்டு நாளுக்குள் அறுவைச் சிகிச்சை நடப்பது நல்லது. கீரனூரில் அரசு மருத்துவமனை உண்டு; மேல்சிகிச்சைக்குப் புதுக்கோட்டையில் 2017இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயன்பெறலாம். முறிவு நேரும்வரை காத்திராமல், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று இப்போதே பதிந்துகொள்வது விவேகம். படுத்த படுக்கையானோருக்கு வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை தர, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. ஐயங்களுக்கு 104ஐ அழைக்கலாம். ஐம்பது வயதுக்குமேல் சிறு இடறலில் எலும்பு முறிந்தவர்களும், உயரம் குறைந்து வருவதை உணர்பவர்களும், எலும்பு அடர்த்திப் பரிசோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். தேய்வைத் தடுக்கும் நல்ல மருந்துகள் இன்று உள்ளன.

இறுதியாக, ஊர் கூடிச் செய்யத் தக்க ஒன்றும் உண்டு. 2023 முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில், அரிசிக்குப் பதிலாக அட்டைதாரர்களுக்கு இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. வானம் பார்த்த புதுக்கோட்டைச் சீமைக்கும் அது வேண்டுமென்று, ஊராட்சிகளில் வாழ்வோர் கிராம சபையிலும், கீரனூர்ப் பேரூராட்சியில் வாழ்வோர் திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கேட்கலாம். சுய உதவிக் குழுப் பெண்கள் ஒன்றுகூடி மனுவை எழுதிக் கொடுங்கள். கிராம சபையில் அது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியதைப் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள்.