உலைக்குப் போகாத லாரி

சரக்கு விலை, வரி, வராக்கடன் என்று படித்துப் படித்துச் சலித்திருப்பீர்கள். இம்முறை லாரியைப் பற்றி எழுதுகிறோம். லாரி வாடகையைப் பற்றி அல்ல. உழைத்து ஓய்ந்துபோன லாரியை வைத்துக்கொள்ளலாமா, வைத்துக்கொண்டால் எப்படிப் பேணுவது என்பதைப் பற்றி.

ஆரணி என்றதும் பட்டுச் சேலை நினைவுக்கு வந்தால் அது வேறு ஆரணி. எங்கள் ஆரணி பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், புதுவாயல் போகிற சாலையில் இருப்பது. புதுவாயலில் ஜி.என்.டி. சாலையைப் பிடித்து வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட்டில் இரும்பு உருக்காலைகள் பல இருக்கின்றன. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் அந்தப் பக்கம் போவதை நம் வட்டாரத்தில் தினமும் பார்க்கலாம். அதில் சில சமயம் லாரியே லாரியில் போகும். சேஸிஸ் மூன்றாக வெட்டப்பட்டு, ஹவுசிங் ஒரு பக்கம், என்ஜின் பிளாக் ஒரு பக்கமாகக் கிடக்கும். சில நாளில் அது கட்டடக் கம்பியாகி, நம்மில் ஒருவருடைய கம்பிக் கடைக்கே திரும்பி வரும்.

எங்கள் வீட்டுக் காமெட் லாரியும் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

தகப்பனார் காலத்தில் கைமாற்று வண்டியாக வாங்கியது அது. செங்குன்றத்தில் அரிசி, கொத்தவால்சாவடியில் மளிகை என்று ஏற்றிக்கொண்டு வந்து சுற்று வட்டாரக் கடைகளுக்கெல்லாம் இறக்கிய வண்டி. காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறிய பிறகு வாடகை வேன்களும் சிறு லாரிகளும் பெருகின. சொந்த வண்டி, டிரைவர் படி, கிளீனர் படி என்ற கணக்கு கட்டுப்படியாகவில்லை. லாரியைக் கிடங்குக்குப் பின்னால் நிறுத்தினோம். நிறுத்தியது நிறுத்தியதுதான். டயர் மண்ணில் இறங்கியது. கேபினில் கோழி அடை காத்தது.

பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து, கிலோ விலை போட்டு, முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அன்றுதான் வீட்டில் வழக்கு ஏற்பட்டது. தம்பி சொன்னது நியாயம். "அண்ணே, அந்த இடத்தில் இருநூறு மூட்டை அடுக்கலாம். இடத்துக்கு வாடகை போட்டுப் பாருங்கள்" என்றார். அம்மா வாடகை கணக்கெல்லாம் பார்க்கவில்லை. "அந்த வண்டி கொண்டுவந்த அரிசியில்தானே உங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சு" என்றார். அன்றைக்கு வியாபாரியை டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். மாதம் ஒரு தொகைக்கு மேல் செலவு செய்வதில்லை, அதுவும் கடைப் பணத்தில் செய்வதில்லை என்று தம்பியிடம் எழுதிக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்கினோம்.

இந்த வண்டியின் பூர்வீகத்தையும் வாசகர்கள் அறிய வேண்டும். எண்ணூர் நமக்குத் தூரமில்லை. பொன்னேரி, மீஞ்சூர் வழியாகப் போய்விடலாம். ரகுநந்தன் சரண் என்பவர் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியை நிறுவி, எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார். பிறகு லாரிக்கு வந்தார்கள். 1951-ல் அங்கே பூட்டப்பட்ட முதல் நான்கு லேலண்ட் காமெட் டிப்பர்களை வாங்கியது மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை என்று கம்பெனியின் வரலாறு சொல்கிறது. நம் பழைய கடைகளின் கூரைக்கும் நம் லாரிக்கும் அப்படி ஓர் உறவு! 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனி பங்கு சேர்ந்து அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1954-ல், ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் ஜெர்மன் பென்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியிருந்தது. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்து பென்ஸ் நட்சத்திரம் போன பிறகும், நம் டிரைவர்கள் அதை 'பென்சு வண்டி' என்றேதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். பம்பாய் பார்கோ, கல்கத்தாப் பக்கத்து உத்தர்பாரா பெட்போர்டு ஆகியவையும் நம் சாலைகளில் ஓடியவையே. இவற்றில் பெரும்பாலானவை இன்று கண்ணில் படுவதில்லை.

காமெட் 350 என்பதில் 350 என்ற எண் என்ஜினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். லிட்டர் கணக்கில் சுமார் 5.7. அந்நாளில் கம்பெனி கொடுத்தது பெரும்பாலும் முன்முகமும் சேஸிஸும் மட்டும்தான். கேபினும் தொட்டியும் ஊர்த் தச்சர் கைவேலை. ஆகவே ஒரு காமெட் போல இன்னொரு காமெட் இருக்காது. பழைய லாரியைப் புதுப்பிக்கும்போது, கம்பெனி செய்த பாகத்தைவிட நம்மூர்த் தச்சர் செய்த பாகத்தை மீட்பதுதான் கடினம். எங்கள் கேபினின் கதவுச் சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. அளவு எடுக்க ஒரு பக்கக் கதவாவது மிஞ்சியதால் பிழைத்தோம். கதவு, பலகை எதுவானாலும், கழற்றும் முன் அளவு எடுத்து, போட்டோவும் எடுத்து வைப்பது அவசியம்.

வேலை விவரத்துக்கு வருவோம். பல ஆண்டு நின்ற டீசல் என்ஜினில் பேட்டரியை மாட்டி உடனே செல்ஃப் அடிப்பது பெரும் தவறு. வெயிலிலும் மழையிலும் நின்றதில் பிஸ்டன் ரிங்குகள் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடையும், லைனர் கோடு விழும். நாசில்களைக் கழற்றி, அந்த வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு கையால் முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் என்ஜின் பதினோராம் நாள் அசைந்தது. அன்று கடையில் வியாபாரம் எவ்வளவு ஆயிற்று என்று எங்களுக்கு நினைவில்லை!

டாங்க்கில் இருந்த டீசல் தார் போலாகிவிட்டது. டாங்க்கை இறக்கிக் கழுவி, டீசல் குழாய்களை மாற்றி, பம்ப்பைத் தனியே டெஸ்ட் பெஞ்சில் ஏற்றும் பட்டறைக்கு அனுப்பினோம். அங்கே ஒரு கசப்பான அனுபவம். கொடுத்த பம்ப் வேறு, திரும்பி வந்த பம்ப் வேறு. நாங்கள் எண்ணைக் குறித்து வைக்காததால் வாதாட வழியில்லை. சரக்கை எடை போட்டு அனுப்பி எடை போட்டு வாங்குகிற நாம், இதில் ஏமாந்தோம். அதன் பிறகு எந்தப் பாகம் வெளியே போனாலும் அதன் எண்ணைக் குறித்து, சுண்ணாம்பால் ஒரு அடையாளமும் போட்டு அனுப்புகிறோம்.

பட்டைகளைப் பிரித்துத் துருவெடுத்துக் கிரீஸ் தடவி அடுக்குவது, யூ போல்ட் மாற்றுவது, கிங் பின்னுக்குப் புஷ் போடுவது எல்லாம் சாலையோரப் பட்டறைக்காரர் செய்கிற வேலைகளே. ஒன்றை மட்டும் கவனிக்கவும். பழைய லேலண்டுக்கு அங்குல ஸ்பேனர் வேண்டும். பென்ஸ் வழி வந்த வண்டிகளுக்குத்தான் மில்லிமீட்டர். இப்போதுள்ள இளம் மெக்கானிக் தன் கையில் இருக்கும் ஸ்பேனரை அழுத்திப் போட்டு நட்டின் மூலைகளை வழித்துவிடுவார். பிறகு உளி வைத்து வெட்ட வேண்டி வரும்.

இரண்டு ஆபத்துகளைச் சொல்லாமல் போகக் கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் உண்டு. டிரம்மைக் கழற்றியதும் காற்று அடித்துத் தூசியை ஊதும் பழக்கம் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மற்றது சக்கரம். லாரி ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்துவது லாக் ரிங். துருப்பிடித்த ரிங்கை அப்படியே மாட்டிக் காற்றடித்தால் அது தெறிக்கும்; எதிரில் நிற்பவர் உயிருக்கு உத்தரவாதமில்லை. எங்கள் கொட்டகைத் தகரத்தில் இன்றைக்கும் அரை வட்டமாக ஒரு கிழிசல் இருக்கிறது. அப்போது பையன் டீ வாங்கப் போயிருந்தான் என்பதைத் தவிர வேறு புண்ணியம் ஒன்றும் நாங்கள் செய்யவில்லை. இப்போது இரும்புக் கூண்டுக்குள் சக்கரத்தை வைத்து, நீண்ட ஓஸ் போட்டுத் தள்ளி நின்றுதான் காற்றடிக்கிறோம்.

உதிரிபாகங்களுக்குப் புதுப்பேட்டையே கதி. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சில கிடைக்கும். பிரேக், விளக்கு, சக்கரம் இவற்றை நம் சென்னைப் பாடியிலேயே 1960களிலிருந்து செய்து வந்திருக்கிறார்கள் என்பதால், பழைய ஸ்டாக் எங்காவது ஒரு கடைப் பரணில் கிடக்கும். மூத்த கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசினால் எடுத்துத் தருவார். அவசரக்காரனுக்குத் தர மாட்டார்.

கணக்கு விஷயம். இதைப் பொழுதுபோக்கு என்று முடிவு செய்தபின் கடைக் கணக்கில் கலக்கலாகாது. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து லாரிக்குப் பெயிண்ட் வாங்கி, அதற்கு உள்ளீட்டு வரி எடுப்பது சட்டப்படி தவறு. சொந்தச் செலவுக்குச் சொந்தப் பணம். தம்பி கேட்டதும் இதைத்தான்.

இனி, நம்மைப் போன்றோர் மனம் வருந்தும் இடம். மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலாகி, மூல வடிவம் மாறாமல் இருந்தால் தனி எண் வரிசை உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்த விதி இருசக்கர வாகனத்துக்கும் ஆட்கள் செல்லும் காருக்கும் மட்டுமே. சரக்கு லாரி அதில் இல்லை! ஒரு சீமான் ஏறிப் போன காருக்கு மரியாதை உண்டு. அவர் வீட்டு அரிசியைச் சுமந்த லாரிக்கு இல்லை. லாரி எத்தனை வயதானாலும் சரக்கு வாகனமே. தகுதிச் சான்று இல்லாவிட்டால் அதன் பதிவே செல்லுபடியாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. 15 ஆண்டு கடந்த கனரக வாகனத்துக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாயாக்கப்பட்டது. பிறகும் கட்டணங்கள் கூடியுள்ளன. கட்டுமுன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்க. ஆகவே தகுதிச் சான்றும் காப்பீடும் இல்லாமல் வாசற்படி தாண்டிப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. வண்டியை நிறுத்தி வைக்க நினைப்பவர்கள் வரி, பர்மிட் விஷயமாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே எழுதிக் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. நாங்கள் அந்நாளில் இதைச் செய்யாமல் விட்டு, பின்னால் அலைந்தோம்.

வெளிநாட்டில் நிலைமை வேறு. லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயரில் உள்ள ஓர் ஊர். அங்கே 1896-ல் நீராவி வண்டி செய்யத் தொடங்கிய கம்பெனிதான் பிறகு ஊர்ப் பெயரையே தாங்கியது. அந்த ஊரில் 1983 முதல் சரக்கு வண்டிகளுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது. பழைய லாரி வைத்திருப்பவர்கள் 1958-லேயே அங்கு சங்கம் கண்டார்கள். 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய லாரிகளை ஊர்வலமாக ஓட்டி வந்திருக்கிறார்கள். நம் நாட்டில் கார் ஊர்வலம் உண்டு. டெல்லியில் 1964-லேயே தொடங்கிவிட்டது. டெல்லிப் பக்கம் தாவுருவில் 2013-ல் திறந்த போக்குவரத்துக் காட்சிசாலையும் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் லாரியை வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான். சங்கராபுரம், நாமக்கல், சங்ககிரி என்று எந்த ஊர் மண்டிக்குப் பின்னால் என்ன நிற்கிறதோ, யார் கண்டது!

எங்கள் காமெட் இப்போது தகரக் கொட்டகையில், டயர் தரையில் அழுந்தாதபடி மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. மாதம் ஒருமுறை கட்டையை எடுத்து, ஸ்டார்ட் செய்து, என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு, மதிலுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். இரண்டு நிமிடம் ஓட்டி அணைப்பது என்ஜினுக்குக் கெடுதல். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வாசல் வரை கொண்டுவருவோம்.

போன பூஜைக்கு எங்கள் பழைய டிரைவர் அண்ணனைக் கூட்டி வந்தோம். முழங்கால் வலி; ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்து, கியர் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தடவினார். "முதலாளி, குழாய் ஹாரன் எங்கே?" என்றார். பித்தளைக் குழாய், ரப்பர் பந்து வைத்தது. எப்போதோ யாரோ கழற்றியிருக்கிறார்கள். புதுப்பேட்டையில் மூன்று முறை தேடியும் அந்த அளவு கிடைக்கவில்லை. வாசகர் எவரிடமாவது பழைய குழாய் ஹாரன் பரணில் கிடந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். விலை பேசிக்கொள்ளலாம்.