பாத்திரத்தின் மனத்துக்குள் நுழையும் நடை

புனைகதை எழுதப் பழகுபவர், பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் ஃபிளாபெரின் ‘மதாம் பொவாரி’ நாவலைக் கதைக்காக ஒருமுறையும், அது சொல்லப்பட்ட விதத்துக்காக இன்னொரு முறையும் படிப்பது அவசியம். அதில் வரும் வேளாண் கண்காட்சியில், நகர மன்றத்தின் மாடியில் அமர்ந்து ரொடோல்ஃப் என்பவன் நாவலின் நாயகி எம்மாவிடம் காதல் மொழி பேசிக்கொண்டிருக்க, கீழே மேடையில் எருவுக்கும் பன்றிகளுக்கும் பரிசுகள் அறிவிக்கப்படுகின்றன. இரண்டு பேச்சுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டிருப்பதாலேயே, ஆசிரியர் குறுக்கிட்டுக் கருத்துரைக்காமல், அந்தக் காதலின் போலித்தனம் வெளிப்பட்டுவிடுகிறது. இதைவிட நுட்பமானது, ‘அவள் நினைத்தாள்’ என்ற குறிப்பே இல்லாமல், பாத்திரத்தின் எண்ணத்தைப் படர்க்கையில், கதைசொல்லியின் வாக்கியமாகவே எழுதிச்செல்லும் உத்தி. இந்த நாவல் பொது ஒழுக்கத்துக்கு ஊறு விளைவித்ததாக 1857இல் நடந்த வழக்கில், இந்த உத்தியில் எழுதப்பட்ட எம்மாவின் பரவசத்தை அரசு வழக்கறிஞர் ஆசிரியரின் கருத்தாகவே வாசித்தார். ஆயினும் நீதிமன்றம் ஃபிளாபெரை விடுவித்தது.