கூஸ்டவுன்: பெயர் தந்த வாத்துகள்

அமெரிக்காவின் அயோவா சிட்டி, சோள வயல்கள் சூழ்ந்த ஒரு கல்லூரி நகரம். 1857இல் மாநிலத் தலைநகரம் இங்கிருந்து டெமாயினுக்கு மாறியதும், பழைய சட்டமன்றக் கட்டடம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. 2001இல் தீக்கிரையான அதன் பொன்மாடத்தை மீண்டும் எழுப்பி நிறுத்தினார்கள்.

நகரின் வடகிழக்கே கூஸ்டவுன். பொஹீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டிலிருந்து குடியேறியவர்கள் கொல்லையில் பெருவாத்து வளர்த்ததால் வந்த பெயர் அது. அருகிலுள்ள பிரவுன் தெருவில் இன்னமும் செங்கல் பாவிய சாலைதான். பாரம்பரியப் பகுதி என்பதால், அங்கே வீட்டின் உள்ளே விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். வெளித்தோற்றத்தை மாற்றுவதென்றால் நகரப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒப்ப வேண்டும்.

2008இல் யுனெஸ்கோ 'இலக்கிய நகரம்' என்று அறிவித்ததும் அயோவா சிட்டியைத்தான்.