பாகப் பிரிவினையும் ஒருங்கிணைந்த கல்வியும்

கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813-833) பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி இயற்றிய இயற்கணித நூலின் பிற்பகுதி, வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்கென்றே அமைந்துள்ளது. "அல்ஜிப்ரா" என்னும் பெயரும் அந்நூலின் தலைப்பிலிருந்தே பிறந்தது. ஷரீஅத்தும் கணிதமும் அங்கு ஒருசேரக் கற்பிக்கப்பட்டன.

நம் மேனிலைப் பள்ளிகளில் அவை பிரிந்து கிடக்கின்றன. 1978இல் தமிழகத்தில் மேனிலைக் கல்வி தொடங்கிய நாள்முதல் மாணவர்கள் பாடப் பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றனர். கணிதம் பயில்வோர் பின்னங்களை அறிவர். பங்கீட்டின் நியாயத்தை அறிய வாய்ப்பில்லை. மார்க்க வகுப்பில் பங்குகளை மனனம் செய்வோரோ கணக்கிடத் தயங்குவர்.

மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை மட்டும் விட்டு ஒருவர் மறைந்தாரெனக் கொள்வோம். கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றியபின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கு மகளினும் இருமடங்கு. ஆக, 24 பங்குகளில் முறையே 3, 14, 7. இந்த ஒரு கணக்கைக் கணித ஆசிரியர், வணிகவியல் ஆசிரியர், ஆலிம் ஆகிய மூவரும் ஒரே வகுப்பில் கற்பிப்பார்களாயின், பின்னமும் சொத்து மதிப்பீடும் சட்டமும் ஒன்றையொன்று விளக்கும்.

பங்கு இன்னதென்று கணக்கிட்டுக் கூறத் தெரிந்த பெண்ணின் உரிமையை எளிதில் மறுக்க இயலாது. அத்தகைய தெளிவை மேனிலை வகுப்பிலேயே ஊட்டுவது நம் கல்வி நிறுவனங்களின் கடமையாகும்.