இருபது தோணிகளில் போன உணவு!
முத்துக்குளித்துறையில் நடந்த உண்மைக் கதை

1544ஆம் ஆண்டு, ஜூன் மாதம்.

கன்னியாகுமரிக் கடலில் கரையை விட்டுத் தள்ளி நிற்கும் பாறைகளின் மேல் ஒரே மக்கள் கூட்டம். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். தலைக்கு மேல் வெயில். காலடியில் அலை. சுற்றிலும் கடல், குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லை!

அவர்கள் கடலை நம்பிப் பிழைத்த பரதவர்கள். வடுகர் படை அவர்கள் ஊர்களுக்குள் புகுந்து கொள்ளையிட்டது. பலரைச் சிறைபிடித்தது. தப்பியவர்கள் பாறைகளில் போய் ஒதுங்கினார்கள். பசியும் தாகமும் அங்கே சிலருடைய உயிரைக் குடித்தன.

செய்தி மணப்பாட்டுக்கு எட்டியது. அங்கே இருந்தார் சவேரியார். ஐரோப்பாவில் இருந்து வந்த பாதிரியார். அப்போது அவருக்கு வயது 38. உடனே 20 தோணிகளைச் சேர்த்தார். உணவை ஏற்றினார். தாமும் ஏறிக் குமரிமுனையை நோக்கிப் புறப்பட்டார்.

யாருக்கு யார் பகை?

இந்த மக்களுக்கு ஏன் இந்தக் கதி? எல்லாம் முத்தால் வந்த வினை!

மன்னார் வளைகுடாவின் முத்துக்கு உலகமெங்கும் கிராக்கி. கரையை ஆள்கிறவனுக்கு முத்தில் பங்கு உண்டு. அதனால் மேற்கே வேணாட்டு அரசர், பக்கத்தில் பாண்டிய மரபினர், வடக்கே விஜயநகரப் பேரரசு என்று ஆளுக்கு ஆள் இந்தக் கரையின் மேல் கண் வைத்தார்கள். கடல் வழியே போர்ச்சுக்கீசியரும் வந்து சேர்ந்தார்கள்.

மூச்சை அடக்கிக் கடலுக்குள் குதித்துச் சிப்பி எடுத்தவன் பரதவன். ஆனால் அவனுக்குத்தான் நிம்மதி இல்லை. 1536, 1537ஆம் ஆண்டுகளில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிப் பல்லாயிரம் பரதவர்கள் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தார்கள். அதில் அரசியலும் கலந்திருந்தது. அதை மறைப்பானேன்? போர்ச்சுக்கீசியரின் பகைவர்கள் எல்லோரும் அன்று முதல் பரதவர்களுக்கும் பகைவர்கள் ஆனார்கள்.

ஏழையிடம் கேட்காதே!

தோணிகள் போய்ச் சேர்ந்தனவா? இல்லை. அது கச்சான் காற்று அடிக்கும் காலம். எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டும் பயன் இல்லை. கயிறு கட்டி இழுத்தும் பயன் இல்லை. எட்டு நாள் கடலோடு போராடி விட்டு, மணப்பாட்டுக்கே திரும்பினார் சவேரியார்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. குமரிமுனைக்குக் கால்நடையாகவே போனார்! அங்கே கண்ட காட்சி அவர் நெஞ்சைப் பிளந்தது. உண்ண உணவு இல்லாதவர்கள், நடக்க முடியாத கிழவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்கள்... இவற்றை எல்லாம் அவர் தம் கடிதங்களில் எழுதி வைத்திருக்கிறார்.

தப்பி வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டுமே! ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்குச் சவேரியார் ஓலை அனுப்பினார். வசதி உள்ளவர்களிடம் மட்டும் உதவி வாங்குங்கள், ஏழைகளிடம் எதுவும் கேட்காதீர்கள் என்பது அவர் போட்ட நிபந்தனை. இல்லாதவனுக்குக் கொடுப்பதற்காக இன்னொரு இல்லாதவனைப் பிழியக் கூடாது என்று அவர் நினைத்தார். இன்றைக்கு நிதி திரட்டப் புறப்படுகிறவர்கள்கூட இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்!

திட்டியவருக்கும் தண்ணீர்

அதே ஆண்டு செப்டம்பர். இப்போது அடி விழுந்தது தூத்துக்குடிக்கு. அங்கே போர்ச்சுக்கீசியத் தளபதியாக இருந்தவர் கோஸ்மே தெ பாய்வா. இவருக்கும் சவேரியாருக்கும் ஆகவே ஆகாது. தளபதி மக்களை வாட்டுகிறார் என்று சவேரியார் கண்டித்து வந்தார். தளபதி அவர் மீது வசைமாரி பொழிந்தார்.

அந்தத் தளபதியின் கப்பல் எரிந்தது. வீடும் எரிந்தது. ஊர் மக்களைப் போலவே அவரும் எதிரே உள்ள தீவுக்கு ஓடினார்.

சவேரியார் அப்போது திருச்செந்தூருக்குப் பக்கத்தில், ஆலந்தலையில் இருந்தார். நேரில் போனால் தளபதி முகம் கொடுக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஆகவே செப்டம்பர் 5ஆம் தேதி, புன்னைக்காயலில் இருந்த தம் துணைவர் மான்சிலாசுக்கு அவசரக் கடிதம் எழுதினார். தோணிகளில் உணவும் நல்ல தண்ணீரும் ஏற்றிக்கொண்டு உடனே போய்த் தளபதிக்கு உதவுங்கள் என்று கெஞ்சினார்.

அதற்காகத் தளபதியின் குற்றங்களை அவர் மூடி மறைத்து விடவில்லை. 1545 ஜனவரியில் போர்ச்சுக்கல் அரசருக்கே கடிதம் போட்டு, இங்குள்ள அதிகாரிகளின் அநியாயங்களை எடுத்துச் சொன்னார். அரசரின் ஆதரவில் வந்தவர் அரசரின் ஆட்களையே குறை சொல்வது லேசான காரியமா?

வேதாளையில் சிந்திய ரத்தம்

ஐந்து ஆண்டு கழித்து, மண்டபத்துக்கு அருகில் வேதாளையில் ஒரு துயரம். அங்கிருந்த போர்ச்சுக்கீசியத் தளபதி, ராமேசுவரம் போகும் இந்து யாத்திரிகர்களை மறித்து வரி வாங்கினார். கோபம் பொங்கியது. 1549இல் படை திரண்டு வந்தது.

வேதாளையில் இருந்த பாதிரியார் இத்தாலி நாட்டு அந்தோணி கிரிமினாலி. வரி போட்டவர் அவர் அல்ல. வரிப் பணத்தில் ஒரு காசும் தொடாதவர்கள் அந்த ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும். அவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பப் பாடுபட்டார் கிரிமினாலி. தாம் ஏறவில்லை. கரையிலேயே ஈட்டிக்கு இரையானார். தளபதியின் பேராசைக்கு விலை கொடுத்தவர் இவர்!

புன்னைக்காயல் மருத்துவமனை

இவர்களுக்குப் பின் இந்தக் கரையில் நிலைத்து நின்றவர் அந்திரிக் அடிகளார். போர்ச்சுக்கல் நாட்டில் யூத வம்சத்தில் பிறந்தவர். அந்தப் பிறப்பைக் காட்டியே ஒரு துறவற சபை அவரை வெளியேற்றியது. ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!

அவர் தமிழ் கற்றார். தமிழில் பேசினார், எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய "தம்பிரான் வணக்கம்" இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். பள்ளிப் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். ஆனால் அவர் புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கியது பலருக்குத் தெரியாது. அதை நடத்த ஊர் மக்களின் காணிக்கை உதவியது. கடலோடி கொடுத்த காசு கடலோடியின் காய்ச்சலைத் தீர்த்தது.

1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அடிகளாரும் சிறைப்பட்டார். விடுதலையானதும் தம் நாட்டுக்குக் கப்பல் ஏறினாரா? இல்லை. மறுபடியும் அதே கரை, அதே மக்கள்! ஏறக்குறைய 50 ஆண்டு அவர்களோடு வாழ்ந்து, 1600ஆம் ஆண்டு கண்ணை மூடினார். அவரைத் தூத்துக்குடிக்குக் கொண்டு போய்ப் பனிமய மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள்.