குளிர்ச்சிக்கு எவ்வளவு நீர் வேண்டும்?

பங்குனி பிறந்ததும் ஊத்துக்குளி வட்டாரத்தில் ஏர் கூலர்கள் வீட்டுக்கு வீடு இயங்கத் தொடங்கிவிடுகின்றன. தகரக் கூரையின் கீழ் வாழ்வோரும் இரவில் சற்றே கண்ணயர உதவும் அச்சாதனம் இன்று ஆடம்பரப் பொருளன்று. அதனைக் குறை கூறுவதும் நம் நோக்கமன்று. ஆயினும், கோடையில் தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்கும் ஊர்களில், அப்பெட்டி கொள்ளும் நீரில் எவ்வளவு குளிர்ச்சியாக மாறுகிறது, எவ்வளவு வீணே சாக்கடைக்குப் போகிறது என்று கணக்குப் பார்ப்பது அவசியம். வரவு செலவுக் கணக்கு கூட்டுறவாளருக்குப் புதிதன்று.

இச்சாதனத்தின் தத்துவம் நாம் நெடுங்காலமாக அறிந்ததே. மண்பானை கசிந்து நீர் குளிர்வதும், வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் அறை குளிர்வதும் இதனாலேயே. வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளியில், வெண்ணெய்ப் பானைக்கு ஈரத்துணி சுற்றுவதன் பயனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,430 கிலோஜூல் வெப்பம் தேவை. அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் 1930-களிலேயே இம்முறையால் வீடுகளைக் குளிர்வித்தனர். வறண்ட வெப்பமுள்ள இராஜஸ்தான், டில்லி முதலிய இடங்களிலும் இது பெரிதும் பரவியுள்ளது.

இனிக் கணக்குக்கு வருவோம். மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றைத் தள்ளும் சிறிய கூலர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 100-க்கு 30 என்றால், அது காற்றை ஏறத்தாழ 28 டிகிரிக்குக் கொணரக்கூடும். இந்த 12 டிகிரியைக் குறைக்க மணிக்குச் சுமார் ஐந்தரை லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். இரவில் 8 மணி நேரம் இயங்கினால் 44 லிட்டர். இது குளிர்ச்சிக்கு நாம் கொடுக்கும் நியாயமான விலை. இதனைத் தவிர்க்க இயலாது.

‘ஏ.சி. வைத்துக்கொண்டால் நீரே வேண்டாமே’ என்று சிலர் கூறலாம். வீட்டில் நீர் செலவாகாது என்பது மெய்யே. ஆனால் அனல் மின் நிலையத்தில் அது செலவாகிறது. பழைய நிலக்கரி மின் நிலையங்கள் யூனிட் ஒன்றுக்கு 3.5 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளலாகாது என்று மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு வரம்பு விதித்தது. மணிக்கு ஒன்றேகால் யூனிட் மின்சாரம் கொள்ளும் ஏ.சி.க்கு அவ்வரம்பின்படி எங்கோ ஓரிடத்தில் நான்கு லிட்டருக்கு மேல் நீர் செலவாகலாம். ஆதலின் கூலரில் ஆவியாகும் நீரைப் பெருங்குற்றமாகக் கொள்ள வேண்டுவதில்லை. குற்றம் ஆவியாகாமல் வீணாகும் நீரில் இருக்கிறது.

அந்த வீண் மூன்று வழிகளில் நேர்கிறது.

முதலாவது, ஒழுக்கு. தொட்டிக்குள் நீரை அளவாக விடும் மிதவை வால்வு சரியாக மூடாமல், நிமிடத்துக்குக் கால் லிட்டர் வீதம் வழிகிறது என்று கொள்வோம். கண்ணுக்கு அது மெல்லிய இழைபோலத் தோன்றும். ஆனால் ஒரு நாளில் அது 360 லிட்டர். எட்டு இரவுகளுக்கான குளிர்ச்சி நீர் ஒரே பகலிரவில் போய்விடுகிறது.

இரண்டாவது, உப்பைக் கழிக்க வெளியேற்றும் நீர். நீர் மட்டுமே ஆவியாகிறது. அதிலுள்ள உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதியாதலால், தட்டியில் வெண்படலம் படிந்து காற்றோட்டம் அடைபடுகிறது. இதற்கஞ்சிப் பலர் அடிக்குழாயைச் சற்றே திறந்து ஓயாமல் ஒழுகவிடுகின்றனர். சிறிது நீரைக் கழிப்பது தேவைதான். ஆனால் அதற்கும் அளவுண்டு. தொட்டி நீரின் உப்பு, ஊற்றும் நீரைப்போல் மும்மடங்காகும்வரை பொறுத்தால், ஆவியாவதில் பாதியைக் கழித்தால் போதும். நம் கணக்கின்படி அது 22 லிட்டர். இருமடங்கோடு நிறுத்தினால் 44 லிட்டர். ஒன்றரை மடங்குக்கு மேல் கூடாதென்றால் 88 லிட்டர். அதாவது குளிர்ச்சிக்கு ஒரு பங்கு, சாக்கடைக்கு இரு பங்கு.

மூன்றாவது, காலமும் இடமும் அறியாமல் இயக்குவது. கதவு சன்னல்களை அடைத்துவிட்டுக் கூலரை இயக்கினால், அறைக்காற்று ஈரத்தால் நிறைந்து, மேற்கொண்டு நீர் ஆவியாக இடமில்லாமற் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழை நாட்களிலும் இதுவே நிலைமை: 30 டிகிரி வெப்பமும் 100-க்கு 80 ஈரப்பதமும் உள்ள நாளில் 2 அல்லது 3 டிகிரிக்கு மேல் குறையாது. தறியில் பருத்தி நூல் அறாதிருக்க ஈரப்பசை வேண்டும் என்பதையும், அது மிகுந்தால் உடல் புழுங்கும் என்பதையும் நெசவாளர் அனுபவத்தில் அறிவர். தொட்டியில் பனிக்கட்டி இடும் வழக்கமும் பெரும் பயன் தருவதன்று. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது கவரும் வெப்பம் 334 கிலோஜூல். அதே எடையுள்ள நீர் ஆவியாகும்போது கவர்வதில் ஏழில் ஒரு பங்குதான்.

நம் பகுதியில் நீர் எத்தனை அரிதென்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. திருப்பூர்த் தொழில்களுக்கும் சுற்றுவட்டாரக் குடிநீருக்குமாக, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் வழங்கும் திறனுடன், 50 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்துக் காவிரி நீர் கொணரப்பட்டது. மறுபுறம், 1992-இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டி முடிக்கப்பட்ட அணையில் சாயக்கழிவு தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீரே வேண்டாமென்று விவசாயிகள் மறுக்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின், கழிவுநீர் சிறிதும் வெளியேறாத முறையைக் கைக்கொண்ட ஆலைகள், இறுதியில் நீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கின்றன. பெரும் பொருட்செலவில் அங்கு நடப்பதே, சிறிய அளவில் நம் வீட்டுக் கூலரிலும் நடக்கிறது: நீர் போகிறது, உப்பு நிற்கிறது. ஆலைகளிடம் நாம் எதிர்பார்க்கும் பொறுப்பு நம் வீட்டுத் தொட்டிக்கும் உண்டன்றோ?

ஆதலின் அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது நலம். கோடைக்கு முன் மிதவை வால்வையும் நீர்க்குழாயையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். கூலரைச் சன்னலருகே வைத்து, எதிர்ப்புறச் சன்னலைத் திறந்துவிட வேண்டும். அடிக்குழாயை ஓயாமல் ஒழுகவிடாது, குறித்த அளவு நீரை ஒரே தடவையில் இறக்க வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நீரில் முட்டையிடுவதால், வாரம் ஒருமுறை தொட்டியை முழுதும் வடித்துத் தேய்த்துக் கழுவுவது எவ்வாறாயினும் அவசியமே. இறக்கிய நீரைக் கழிவறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்தலாம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்குமெனினும், ஒரே மரத்துக்கு நாள்தோறும் ஊற்றலாகாது. காய்கறிச் செடிக்கு அறவே கூடாது.

ஒன்றை மட்டும் இவ்வாரமே செய்து பார்க்கலாம். மாலையில் தொட்டியை நிரப்பிக் கோடிட்டு, வரும் குழாயை மூடிவிடுங்கள். காலையில் எத்தனை குடம் ஊற்றினால் அக்கோட்டை எட்டுகிறதென்று பாருங்கள். ஆவியாகக்கூடியதைவிட மிகுதியாக ஊற்ற நேர்ந்தால், எங்கோ ஒழுக்கு இருக்கிறது. பாவு நூலை இழையெண்ணிப் பூட்டும் நெசவாளருக்கும், சொட்டு நீரால் பயிர் வளர்க்கும் விவசாயிக்கும் இது அரிய காரியமன்று. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 50 லிட்டர் மிஞ்சினால், 100 வீடுகளில் 5,000 லிட்டர் மிஞ்சும். பொதுக்குழாயடியில் குடத்துடன் காத்துநிற்கும் தாய்மார்களுக்கு அதன் அருமை நன்கு தெரியும்.