தங்கம் விழுங்கும் காந்தம்

மின்னணு தன் மின்னூட்டத்தோடு மற்றொரு குணத்தையும் சுமந்து திரிகிறது. அதற்குத் தற்சுழற்சி என்று பெயர். பெயரைக் கேட்டுப் பம்பரத்தை நினைத்துவிடலாகாது. அது உண்மையில் சுழல்வதில்லை. காந்தப் புலத்தில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இரண்டே விதமாக நிற்கும் சிறு காந்தம் என்று கொண்டால் நம் காரியத்துக்குப் போதும்.

இக்குணத்தைக் கொண்டு செய்தியைப் படிக்கலாம் என்பதற்கு வழி திறந்தது 1988-இல் ஃபெர்ட், குருன்பெர்க் இருவரும் தனித்தனியே கண்ட காந்தத்தடை விளைவு. 2007-இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அங்கே வேலை செய்தவை உலோகப் படலங்கள். ஒரே ஒரு கரிம மூலக்கூறு அவ்வேலையைச் செய்யாதா என்பதே இப்போதைய கேள்வி. கரி, நைட்ரஜன் போன்ற இலேசான அணுக்கள் தம்மூடே செல்லும் மின்னணுவின் தற்சுழற்சியை எளிதில் குலைப்பதில்லை என்பதால் எழுந்த ஆசை அது.

கோபால்ட் தாலோசயனைனை எடுத்துக்கொள்வோம். அச்சு மைக்கு நீலம் தரும் செம்புச் சாயத்தின் உடன்பிறப்பு இது. மொத்தம் 57 அணுக்கள். நான்கு இதழ்ப் பூப்போல் தட்டையான வடிவம். நடுவே ஒரு கோபால்ட் அணு. அதில் இணை சேராத மின்னணு ஒன்று இருப்பதால் மூலக்கூறு காந்தமாகிறது.

இதைத் தங்கத்தின்மேல் வைத்தால் காந்தம் மறைந்துவிடுகிறது! தங்கத்தின் மின்னணுக்கள் கோபால்ட்டின் மின்னணுவோடு கலந்துவிடுவதே காரணம். மின்சாரம் பாய உலோகம் வேண்டும். அந்த உலோகமோ காந்தத்தை விழுங்குகிறது. இத்துறையின் தலைவலியே இதுதான்.

2005-இல் சீனாவின் ஹெஃபெய் நகர விஞ்ஞானிகள் ஓர் உபாயம் செய்தனர். அவர்கள் கையாண்டது 1981-இல் சூரிச் நகரில் பின்னிக், ரோரர் இருவரும் அமைத்த ஊடுருவல் நுண்ணோக்கி. அதன் ஊசிமுனையால் மின்துடிப்பு கொடுத்து, மூலக்கூறின் விளிம்பிலுள்ள 16 ஹைட்ரஜன் அணுக்களில் எட்டை உதறினர். விளிம்புகள் தங்கத்தைப் பற்றிக்கொண்டன. நடுப்பகுதி வில்போல் வளைந்து உயர்ந்தது. தங்கத்தைவிட்டு விலகிய கோபால்ட் மீண்டும் காந்தமாயிற்று.

எப்படித் தெரிந்தது? காந்த அணுவைச் சுற்றி உலோக மின்னணுக்கள் மொய்த்து அதன் தற்சுழற்சியை மூடி மறைக்க முயலும். 1964-இல் ஜப்பானியரான கோண்டோ விளக்கிய விளைவு இதற்கு அடிப்படை. அம்முயற்சி, சுழி மின்னழுத்தத்தை ஒட்டி, மின்கடத்தலில் ஒரு தனி அடையாளமாகத் தெரியும். துடிப்புக்கு முன் அது இல்லை, பின் இருந்தது. காந்தம் பிழைத்ததற்குச் சாட்சி சொல்வதே அதை மறைக்க வரும் கூட்டம் என்பது எனக்கு மிகப் பிடித்த வேடிக்கை.

வேறொரு வழி, உலோகத்துக்கும் மூலக்கூறுக்கும் நடுவே சில அணு அடுக்கு மட்டும் மக்னீசியம் ஆக்ஸைடை விரிப்பது. வெள்ளியின்மேல் இவ்வாறு வைத்த டெர்பியம் மூலக்கூறுகளில் காந்தம் வலுவாக நீடித்ததை 2016-இல் கண்டனர். படலம் தடித்தால் மின்னோட்டம் நின்றுவிடும். மெலிந்தால் உலோகத்தின் கை எட்டிவிடும். மேலும், அச்சோதனைக்குத் திரவ ஹீலியத்தின் குளிர் வேண்டியிருந்தது.